பேட் மாற்றிய பிறகும் காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பத்து ஆண்டு ஓடிய, ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத சிறிய கார். முன் பேட்களை மாற்றியும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கிறது, மழையில் இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுப் பேட், தான் கவ்விப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு படிந்து வரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால், அதுவரை பிடி சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. அதற்குப் பிறகும் இதே நிலை என்றால், குறை பிரேக்கிலா டயரிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயிலின் அளவைப் பாருங்கள். புதுப் பேட் போட்ட பிறகும் அது குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்கவே வேண்டாம். அளவு சரியாக இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் பெடலை அழுத்தி மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கினால் பிரேக்கின் வலு போதுமானது, பிடி இல்லாதது டயருக்கு. எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் உருண்டுகொண்டே இருந்தால் குறை பிரேக்கில்தான்.

பெடல் மெத்தென்று அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்த பின் மேலே வந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின் சக்கர டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ தளர்ந்திருக்கலாம். மிதித்த காலை எடுக்காதபோதே மெல்லக் கீழிறங்கினால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரையும், பெடல் இறுகி நின்றால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் அதன் வேக்குவம் குழாயையும் சோதிக்கச் சொல்லுங்கள். பின் டிரம்மைக் கழற்றாமலேயே முன் பேட்களை மட்டும் மாற்றித் தரும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் சற்றுத் தூக்கும்போது உள்ளே ஈரம் தெரிந்து, ஷூவின் ஓரம் ஆயில் ஊறிக் கறுத்திருந்தால், சிலிண்டரைச் சரிசெய்து இருபுறமும் ஷூ மாற்றுவதே முறை.

டயரில், பட்டன்களுக்கு இடையே குறுக்காக ஓடும் சிறு மேடு 1.6 மி.மீ. உயரமுள்ளது, பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மழைநீர் விலக வழியில்லை. பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவ்வளவு பழைய ரப்பர் இறுகி, மயிரிழை வெடிப்புகளோடு இருக்கும். ஈரச் சாலையில் அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தாலோ ஆழமாகக் கீறியிருந்தாலோ மட்டும், முன்னிரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.