அதிபர் அம்மாவின் வெற்றிலை வட்டா

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதி. நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அப்பா பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறகு கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராகவும் இருந்தார். ஏழு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 62 வயது. முன்பெல்லாம் எங்கள் முற்றத்தில் ஆள் இல்லாத நாள் இல்லை. 31ஆம் நாள் கிரியை முடிந்த பிறகு படலை திறக்கும் சத்தமே இல்லை. ஓய்வூதியப் படிவங்களை அம்மாவே பிரதேச செயலகத்துக்கு அலைந்து முடித்தார். அதன் பிறகு சும்மாதான் இருக்கிறார். வந்தவர்களுக்கு வெற்றிலை நீட்டும் தட்டான வெற்றிலை வட்டாவை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு மினுக்கி வைக்கிறார், வெற்றிலை வாங்குவதில்லை. ஜனாதிபதிகளின் விதவைகளுக்கு இருந்த சலுகைகளை நிறுத்திய செய்தியைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பிளைகள் பிறகு என்ன செய்வாங்க மகள்?" என்று கேட்டார். தன்னைப் பற்றித்தான் கேட்டார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்திருக்கலாமா?
— இளைய மகள்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் மகள். ஆண்டுத் திவசம் முடியும் வரையாவது அவர் அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும்.

அம்மா பார்த்த செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். 1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வீடு, வாகனம், செயலாளர் கொடுப்பனவு என்று கொடுத்து வந்தது. 2025 செப்டம்பரில் அதை நீக்கினார்கள். அது சரியா பிழையா என்று ஊரே பேசியது. உங்கள் அம்மாவின் கேள்விக்கு மட்டும் அந்தச் சட்டம் இருந்தபோதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. காலையில் எழும்பினால் செய்ய என்ன இருக்கிறது என்பதுதானே அவர் கேட்டது? ஒரு பதவிக்காரரின் மனைவி பார்க்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. கணவர் போனால் அந்த வேலையும் போய்விடும், அதற்கு மட்டும் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அம்மா 30, 40 வருடம் பார்த்த வேலை அது. வந்தவரை இருத்தி, வட்டாவை நீட்டி, யாருக்கு என்ன குறை என்று கேட்டு, அப்பாவிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானித்தது அவர்தான்.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் திகதி இறந்தார். மனைவி எலினோருக்கு அப்போது 60 வயது. 12 வருடம் இருந்த வெள்ளை மாளிகையைச் சில நாட்களிலேயே காலி செய்தார். கணவரின் ஊரான ஹைட் பார்க்கில் இருந்த பெரிய வீடு அரசாங்கத்துக்குப் போனது. அவர் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார், முன்பு தளபாடம் செய்யும் பட்டறையாக இருந்த கட்டடம் அது. கதை முடிந்துவிட்டது என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னாராம்.

அந்த வருடம் முடிவதற்குள் புது ஜனாதிபதி ட்ரூமன் அவரை ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கப் பிரதிநிதியாகப் போகச் சொல்லிக் கேட்டார். தனக்கு அனுபவம் இல்லை என்று எலினோர் தயங்கினார். கூடப் போன ஆண்கள் அவரைச் சமூக, மனிதாபிமான விடயங்களைப் பார்க்கும் குழுவில் போட்டார்கள். அங்கே இருந்தால் பெரிதாக ஒன்றும் குழப்ப மாட்டார் என்ற நினைப்பு! லண்டனுக்குக் கப்பலில் போகும்போதே கட்டுக் கட்டாக ஆவணங்களை வாசித்துத் தீர்த்தார். பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கே தலைவரானார். 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிசில் மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனம் நிறைவேறியபோது அவருக்கு 64 வயது. காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நம் தாய்மார் டிசம்பர் 10 அன்று தெருவில் இருக்கிறார்களே, அந்த மனித உரிமைகள் தினம் அங்கிருந்து வந்ததுதான்.

மொசாம்பிக்கின் கிராசா மஷேலையும் சொல்ல வேண்டும். 1986இல் விமான விபத்தில் கணவர் ஜனாதிபதி சமோரா மஷேல் இறந்தார். பத்து வருடம் கழித்து, யுத்தம் சிறுவர்களை என்ன செய்கிறது என்று ஐ.நா.வுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த விடயத்தை மட்டக்களப்பாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, வீட்டு விடயத்துக்கு வருவோம். வெள்ளை மாளிகை பதவிக்கு உரிய வீடு, அதனால் எலினோர் போகத்தான் வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். உங்கள் அம்மாவின் வீடும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்பா போன பிறகும் அந்த முற்றத்தில் அவருக்கு உரித்து இருக்கிறது. அதிலிருந்து நீங்களாகக் கிளப்பிவிடாதீர்கள்.

இந்தப் பிழையை நான் விட்டிருக்கிறேன். அப்பா செத்து நாலாம் மாதம் என் தாயைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனேன். நல்ல அறை, ஃபேன், டிவி எல்லாம் இருந்தது. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரிக்கு "இது என்ட அம்மா" என்று காட்டினேன். உள்ளே வந்ததும் கேட்டார், "ஊரில அவர்ர மனிசி, இங்க உன்ட அம்மா. எனக்குப் பேரில்லையா?" என்று. அன்றைக்கு எனக்கு வாயடைத்துப் போனது. அடுத்த மாதமே திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விடயம் ஒன்று உண்டு. ஓய்வூதியப் படிவங்களை அம்மா தனியாகவே முடித்தார் என்கிறீர்கள். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, ஒரு எழுத்துப் பிழைக்காக மூன்று தரம் நடை! படித்தவர்களே களைத்துப்போகிற வேலை அது. யுத்தமும் 2004 சுனாமியும் ஆம்பிளையைக் கொண்டுபோன வீடுகள் உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை? படிவத்தை எந்தப் பக்கம் நிரப்புவது, எந்த மேசையில் கொடுப்பது என்று தெரியாமல் பாதியில் விட்ட பெண்கள் அங்கே இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் அம்மாவிடம் அனுப்புங்கள். சங்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். "அம்மா, இவவுக்கு இந்தப் படிவம் விளங்கல்லயாம், ஒருக்காப் பாருங்களன்" என்றால் போதும். மறுத்தால் வற்புறுத்தாமல் விடுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொருத்தியை அனுப்புங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்கள் கையில்தான். தாலி இழந்தவர் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று நம் சனம் இன்னும் பார்க்கிறது. முற்றம் வெறிச்சோடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடும்பத்தில் அடுத்த கல்யாணமோ பூப்புனித நீராட்டோ வரும்போது, வாசலில் வட்டாவோடு அம்மாவை நிறுத்துங்கள். மாமிமார் முணுமுணுப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்த லீவுக்குப் போகும்போது ஆரையம்பதிச் சந்தியில் இறங்கி ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவருடைய பெயரையும் எழுதுங்கள் மகள், கடிதத்தில் அது எங்கேயும் இல்லை.