வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

அணுகுண்டு என்றாலே ஓப்பன்ஹைமர் என்கிறார்களே, அவர் ஒருவரா காரணம்?

அமெரிக்கா குண்டை உருவாக்கிய லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் என்பதால் பெயர் அவருக்குப் போனது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் என் ஓட்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குத்தான். அங்கே சக பேராசிரியர்கள் ரேடார் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார்கள். பரம ரகசியம். வியன்னாவில் பிறந்த ஓட்டோ ஃப்ரிஷையும் பெர்லினில் பிறந்த ருடால்ஃப் பையர்ல்ஸையும் எதிரி நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அதில் சேர்க்கவில்லை. சரி என்று இருவரும் அணுவைப் பற்றி யோசித்தார்கள்! யுரேனியத்தில் கொஞ்சமே கலந்திருக்கும், எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம் 235-ஐ மட்டும் பிரித்தெடுத்தால் குண்டுக்கு எவ்வளவு வேண்டும்? டன் கணக்கில் என்று பலர் நம்பிய நேரத்தில் இவர்களுக்கு வந்த விடை சுமார் ஒரு கிலோ. (ரொம்பக் குறைத்துப் போட்ட கணக்கு. ஹிரோஷிமா குண்டில் இருந்தது 64 கிலோ.) 1940 மார்ச்சில் பையர்ல்ஸே தட்டச்சு செய்த குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: கதிர்வீச்சு பொதுமக்களைக் கொல்லாமல் இதைப் பயன்படுத்துவது கடினம், அதனால் இந்த நாட்டுக்கு ஏற்ற ஆயுதமாக இல்லாமல் போகலாம். அரசாங்கம் கணக்கை எடுத்துக்கொண்டது, இந்த வரியை விட்டுவிட்டது.

சிகாகோவில் விளையாட்டு மைதானத்தில் அணு உலை கட்டினார்களாமே, நிஜமா?

நிஜம். பல்கலைக்கழக ஸ்டாக் ஃபீல்டின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், ஸ்குவாஷ் மாதிரி ஆட்டம் ஆடும் கூடத்தில், கிராஃபைட் கட்டிகளை அடுக்கினார்கள். பல்கலைக்கழகத் தலைவரைக் கேட்கவே இல்லை. கேட்டால் மறுத்திருப்பார் என்று பொறுப்பாளர் ஆர்தர் காம்ப்டன் பின்னால் எழுதினார். ஊர் நடுவே! 1942 டிசம்பர் 2 காலையில், வினையை நிறுத்தும் பாதுகாப்புத் தண்டு தானாக உள்ளே விழுந்துவிட்டது. சோதனையை நடத்திய என்ரிக்கோ ஃபெர்மி பதறவில்லை, "சாப்பிடப் போகலாம்" என்று எல்லோரையும் கிளப்பினார். அவசரம் என்றால் இன்னொரு தண்டு உள்ளே விழும்படி அதன் கயிற்றை வெட்டக் கையில் கோடரியோடு ஓர் இயற்பியலாளர் நின்றிருந்தார். மாலை மூன்றரைக்குள், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் தொடர்வினை நடந்துவிட்டது. கிடைத்த சக்தி அரை வாட்.

குண்டு வேலைக்கு வர யாராவது 'முடியாது' என்று சொன்னார்களா?

ஃப்ரிஷின் சித்தி சொன்னார். அணுப்பிளவை அக்கா மகனோடு சேர்ந்து விளக்கிய லிசா மைட்னர்தான் அவர். குண்டுத் திட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டார். ஃப்ரிஷ் போனார். இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட் முதலில் திட்டத்தில் சேர்ந்தவர்தான்; ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும், 1944 கடைசியில் லாஸ் அலமாஸை விட்டுக் கிளம்பினார். அவரை உளவாளி என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 1995-ல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.