செய்வினைக்குப் பௌத்தத்தில் காப்பு உண்டா?

வத்தளையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "நான் சைவன், மனைவி சிங்கள பௌத்தர். குழந்தை பிறந்து ஏழு வாரம். மூன்று வாரமாக அவளுக்கு உறக்கமில்லை. கண்ணயர்ந்தால் நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குகிறார்களாம். இப்போது 'இந்தப் பிள்ளை உன்னுடையது இல்லை' என்று ஒரு குரல் சொல்வதாக அழுகிறாள். மாமியார் கூட்டிவந்த கட்டாடி (பேயோட்டுபவர்) வாசற்படியருகே தோண்டிச் செப்புத் தகடொன்றை எடுத்துக் காட்டினார். ஹூனியமாம், அதாவது செய்வினையாம். அதை வெட்டி, செய்தவருக்கே திருப்பிவிட ஒன்றரை லட்சம் கேட்கிறார். புத்த சமயத்தில் இதற்குக் காப்பு இருக்கிறதா? நானும் அதில் சேரலாமா?"

தம்பி, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் மனைவியை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் உறக்கம் கெட்டு, குரல் கேட்டு, பிள்ளையைப் பற்றி இல்லாத எண்ணம் வந்தால் அது மகப்பேற்றுக்குப் பின் வரும் கடுமையான மனநோயாக இருக்கலாம். அவசரமாகப் பார்க்க வேண்டியது அது. பார்த்தால் நன்றாகக் குணமாகக் கூடியதும்கூட. அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். நிலைமை மோசமானால் அம்புலன்சுக்கு 1990. நெஞ்சை அமுக்குவது மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது, உடல் உறக்கத்தில் கட்டுண்டிருக்க மனம் மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது. அந்தக் குரல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மருத்துவரிடம் போவது பௌத்த நம்பிக்கையை விட்டுக்கொடுப்பதாகுமோ என்று உங்கள் மாமியார் தயங்கலாம். அவரிடம் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தைச் சொல்லுங்கள். அங்கே மருந்துகளைப் பற்றிய பகுதியில் ஒரு பிக்குவுக்கு 'கரதின்னக' நோய் வருகிறது. யாரோ வசிய மருந்து கொடுத்ததால் வந்த நோய் என்று உரை விளக்குகிறது. நம் பேச்சில் இடுமருந்து. புத்தர் யார் கொடுத்தார் என்று துருவவில்லை, திருப்பி ஏவச் சொல்லவும் இல்லை. உழுத கொழுவில் ஒட்டிய மண்ணை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள் என்றார். அந்தக் காலத்து மருந்து அது. இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம். நோயாளியைப் பார், வைத்தியம் செய் என்ற வரிசைதான் எனக்கு முக்கியம். புத்தரின் முற்பிறப்புக் கதைகளான ஜாதகங்களின் உரை எட்டு வகைப் பித்தைச் சொல்கிறது. காமம், கோபம், பித்தநாடி, கள், இழப்பின் துயரம் என்று போகும் அந்தப் பட்டியலில் யக்கன் என்ற பேய் பிடித்ததும் ஒன்று, எட்டில் ஒன்றுதான்.

ஆக, அமனுஷ்யர் என்ற மனிதரல்லாத உயிர்களைப் பாளி நூல்கள் மறுக்கவில்லை. அவற்றை எப்படி எதிர்கொள்வது என்பதில்தான் கட்டாடியின் வழியும் புத்தரின் வழியும் பிரிகின்றன. கரணீயமெத்த சுத்தம் என்ற புத்தரின் உபதேசம் பிறந்த கதையைப் பாருங்கள். காட்டில் தியானிக்கப் போன பிக்குகளை மரத்துத் தெய்வங்கள் கோர உருவங்களாலும் ஓசைகளாலும் துர்நாற்றத்தாலும் விரட்டிவிட்டன. ஓடிவந்தவர்களுக்குப் புத்தர் வேறு காடு காட்டவில்லை. ஒற்றைப் பிள்ளையைத் தாய் உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடமும் மனத்தை விரிக்கும் மைத்திரியைக் கற்றுக்கொடுத்து, அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். பயமுறுத்திய தெய்வங்களே பிறகு அவர்களுக்குக் காவல் இருந்தன.

பேய் பிடித்தவருக்கென்றே சொல்லப்படும் ஆட்டானாட்டிய சுத்தத்திலும் இதே போக்குத்தான். எடுத்த எடுப்பில் அதை ஓதக் கூடாது என்கிறது உரை. ஏழு நாள் மெத்த, தஜக்க, ரதன சுத்தங்களை ஓத வேண்டும். அப்போதும் விலகாவிட்டால்தான் ஆட்டானாட்டியம். அதிலும் பிடித்ததிடம் பெயர் கேட்டு, செய்த பூசையின் புண்ணியத்தை அதற்கே பகிர்ந்து, இவரை விட்டுவிடு என்று கேட்கிறார்கள். பிடித்ததாகக் கருதப்படும் அந்த உயிருக்கும் பங்கு உண்டு என்ற இந்த இடத்தில் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

இதோடு 'செய்தவருக்கே திருப்பிவிடுவது' எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. பிரம்மஜால சுத்தம் பேயோட்டும் பூத வித்தையைப் பிக்குகள் பிழைப்பாகக் கொள்ளக் கூடாத இழிகலைகளில் வைக்கிறது. திருப்பிவிடச் சம்மதித்தால் இன்னொருவருக்குக் கெடுதல் நினைத்த வினை உங்கள் கணக்கில் ஏறும். அடுத்த வீட்டுக்காரர் மீது தீராத சந்தேகமும் கூடவே வரும். தகட்டைத் தோண்டி எடுத்ததும் கட்டாடியே என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மறக்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பால் கொடுக்கும் தாயைப் பட்டினி போட, புகை காட்ட, அடிக்க யாரையும் விடாதீர்கள்.

மாமியாரின் மனம் ஆற, பக்கத்து விகாரையில் பேசிச் செத் பிரித் வையுங்கள், பிக்குகள் நலம் வேண்டிச் சுருக்கமாக ஓதும் காப்பு ஓதல் அது. மங்கள, ரதன, மெத்த சுத்தங்கள் மூன்றும் ஓதினால் போதும். விடிய விடிய ஓதும் பிரித் இப்போது வேண்டாம். உங்கள் மனைவிக்கு உறக்கம்தான் பெரிய மருந்து. மாலையில் வரும் பிக்குகளுக்குச் சோறு வைக்க முடியாது, கிலன்பச என்ற மாலைநேரப் பானங்களைக் கொடுங்கள். கட்டணம் என்று எதுவும் இல்லை, விரும்பியதைத் தானமாகக் கொடுக்கலாம். நீங்கள் சைவர் என்பது தடையே அல்ல. வெள்ளை உடுத்து, மனைவிக்குப் பக்கத்தில் இருந்து பிரித் நூலிழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓதிய நீரைப் பெரியவர்கள் அருந்தலாம். குழந்தைக்குத் தெளித்தால் போதும், ஏழு வாரப் பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பிரித் ஓதியும் குணமாகாவிட்டால் மனைவிக்குச் சிரத்தை போதவில்லை என்று யாராவது குத்திக்காட்டக் கூடும். மிலிந்த மன்னரின் கேள்விகளைத் தொகுத்த மிலிந்த பஞ்ஹவில், பதில் சொல்லும் நாகசேன பிக்குவே பிரித் எல்லோரையும் காப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். வினை, கிலேசம் (மன மாசு), நம்பிக்கையின்மை என்று மூன்று தடைகளைச் சொல்கிறார். மன்னருக்குச் சொன்ன அந்த விளக்கத்தை எடுத்து நோயுற்றவரைக் குற்றம் சாட்டுவது கொடுமை. மருந்து பலிக்கச் சில வாரம் ஆகும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மனைவி கொஞ்சம் தேறியதும் மைத்திரி தியானத்தைத் தொடங்கலாம். தியான வழியை விளக்கும் விசுத்திமக்கம் சொல்லும் வரிசையில் முதலில் தான், பிறகு அன்புக்குரியவர், பிறகு விருப்போ வெறுப்போ இல்லாதவர், கடைசியில்தான் பகைவர். தகடு வைத்ததாகச் சந்தேகிக்கும் ஆளை இப்போதே மன்னிக்கும்படி அவரை வற்புறுத்த வேண்டாம். "நான் நலமாக இருக்கட்டும், என் பிள்ளை நலமாக இருக்கட்டும்" என்பதே இந்த மாதத்துக்குப் போதும். அதையும் சொல்ல முடியாத இரவுகளில், பக்கத்தில் இருந்து நீங்கள் சொல்லுங்கள்.