ஹெலன் அலிங்காமின் ஓட்டு வீடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேய ஓவியர் ஹெலன் அலிங்காமைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய நீர்வண்ண ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். பூத்த செடிகள், பழைய ஓட்டு வீடு, வாசலில் குழந்தையோடு ஒரு பெண். வாழ்த்து அட்டைபோல இருக்கின்றன. விக்டோரியா காலத்துக் கிராம வறுமை எங்கே? வசதியான பெண்ணின் பொழுதுபோக்கு என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொழுதுபோக்கு என்பதை ஏற்கமாட்டேன். 1862-ல் தொண்டை அடைப்பான் பரவியபோது, நோயாளிகளைக் கவனித்துவந்த மருத்துவரான தந்தை அதே நோயில் இறந்தார். ஹெலனுக்கு அப்போது 13 வயது. லண்டனின் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் 1867-ல் சேர்ந்தார். அங்கே நுழைந்த முதல் பெண் அவருடைய தாயின் சகோதரி லாரா ஹெர்ஃபோர்ட். பெண் என்று தெரியாதபடி பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் படம் அனுப்பி 1860-ல் இடம் பிடித்தவர். ஹெலன் இளம் வயதிலேயே 'கிராஃபிக்' வார இதழுக்குப் படம் வரைந்து சம்பாதித்தார். 1889-ல் கணவர், கவிஞர் வில்லியம் அலிங்காம் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளை வளர்த்ததும் இந்தத் தூரிகைதான். மறு ஆண்டே நீர்வண்ண ஓவியர்களின் சங்கமான ராயல் வாட்டர்கலர் சொசைட்டியின் முழு உறுப்பினரானார். அதுவரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம் அது.

இனி அந்த வீடுகள். 1881-ல் சர்ரே மாவட்டத்து விட்லிக்குக் குடிபோனார். ரயில் வந்ததால் லண்டன் பணக்காரர்கள் அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளை வாங்கி இடித்தும் மாற்றியும் கொண்டிருந்த காலம். இடிப்பதற்குள் வரைந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஹெலனுக்கு இருந்தது. பூக்களை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். மீன் செதில்போல அடுக்கிய ஓடுகள், காலத்தில் தொய்ந்த கூரை, வெயிலும் பாசியும் ஏறிய செங்கல். நிறத்தைப் பூசி, ஈரப் பஞ்சால் ஒற்றி, கத்தியால் சுரண்டி அந்தக் கரடுமுரடைக் கொண்டுவருவார். வீட்டுக்காரர் புது ஜன்னல் வைத்திருந்தால், சிறு கண்ணாடிகளை ஈயத்தில் கோத்த பழைய ஜன்னலையே படத்தில் திரும்பப் பொருத்திவிடுவார். ஆவணமாகப் பார்ப்பவர்கள் இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வறுமை அவர் படங்களில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. எனக்கும் அது குறைதான். ஒழுகும் கூரைக்கு அடியில் கூலிக்காரக் குடும்பம் எப்படிப் படுத்து உறங்கியது என்று அவர் காட்டவில்லை. ஏழைகளைப் பார்க்க, அதே 'கிராஃபிக்'கில் லூக் ஃபில்ட்ஸ் 1869-ல் வரைந்த படத்துக்குத்தான் போக வேண்டும்: ஏழைகள் விடுதியில் இரவு தங்கும் சீட்டுக்காக வீடற்றவர்கள் குளிரில் வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தலைமுறை ஓடு வேய்ந்த விதத்தையும் புகைபோக்கி எழுப்பிய விதத்தையும் தெரிந்துகொள்ள நான் ஹெலனிடம்தான் வருவேன்.