பத்து லட்சத்தில் ஒரு குழந்தை: அகலேசியா எவ்வளவு அரிது?

“என் மகனுக்கு 9 வயது. ஒரு வருடமாகச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறான். இரவில் வாந்தி வேறு. நெஞ்சுக்கரிப்பு மருந்து கொடுத்தும் பலனில்லை. அகலேசியாவாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். குழந்தைகளுக்கு இது சகஜமா? இவன் தங்கைக்கும் வருமா?” என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

சகஜமே இல்லை. அகலேசியா என்பது உணவுக்குழாயின் அடிவாசல் சரியாகத் திறக்காத நோய். பெரியவர்களிலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இது புதிதாக வருகிறது. குழந்தைகள் என்றால், பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். இந்த நோய் உள்ளவர்களில் 15 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்தவர்கள் 5 சதவீதம்கூட இருக்க மாட்டார்கள்.

இவ்வளவு அரிது என்பதுதான் தொல்லையே. யாருக்கும் சந்தேகம் தட்டாது. இருமினால் ஆஸ்துமா, வாந்தி எடுத்தால் அமிலம், சாப்பிட மறுத்தால் அடம் என்று பெயர் வைத்துவிடுவோம். (அடம் என்று திட்டு வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை உண்டு. விழுங்கியதும் அது தளர்ந்து வழிவிட வேண்டும். அகலேசியாவில், தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. உணவு மேலேயே தேங்கி, நாளடைவில் குழாய் அகன்றுவிடும்.

அதனால் வாந்தியைக் கவனியுங்கள். இரைப்பைக்கே போகாத சாப்பாடு என்பதால் பெரும்பாலும் புளிக்காது, மென்றபடியே வெளியே வரும். காலையில் தலையணையில் ஈரமும் பருக்கைகளும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பான். தண்ணீரே சிக்குகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சரி, தங்கை விஷயம். பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடர்வதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: ஆல்குரோவ் நோய்க்குறி. அதில் அகலேசியாவோடு கண்ணீர் சுரக்காமையும் அட்ரினல் சுரப்பிக் குறைபாடும் சேர்ந்து வரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் இது உண்டாகும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே, மகன் அழும்போது கண்ணீர் வருகிறதா? சின்ன வயதிலிருந்தே வரவில்லை என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அட்ரினல் குறைபாடு கவனிக்கப்படாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

உறுதிசெய்ய பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி ஆகியவை தேவைப்படும். பேரியம் படத்தில் குழாயின் அடிப்பகுதி பறவையின் அலகுபோலக் கூர்ந்து தெரியும். போன நரம்பணுக்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது; வழியைத் திறந்துவிடலாம். பலூன் வைத்து விரிப்பது ஒரு முறை. தசையை வெட்டிவிடும் ஹெல்லர் அறுவை 1913 முதல் இருக்கிறது. அதையே இப்போது எண்டோஸ்கோப் வழியாகவும் செய்கிறார்கள்.

அதுவரை சாப்பிட்ட உடனே படுக்க விடாதீர்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தாலோ, இருமலோடு காய்ச்சல் வந்தாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். தேங்கிய உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.