எல்லாவற்றையும் நிறுத்தியும் பொட்டாசியம் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. நெடுநாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.1, ரத்தத்தில் பொட்டாசியம் 5.7. பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். பழம், காய், கீரை, இளநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். உப்பைக்கூட லோ சோடியம் உப்பாக மாற்றினோம். ஒரு மாதமாகத் தக்காளி ரசமும் சாதமும்தான். ஆனாலும் பொட்டாசியம் குறையவில்லை. இன்னும் எதை நிறுத்துவது?

பதில்: அந்த உப்பை நிறுத்துங்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கும். சோடியத்தைக் குறைக்க அதைத்தான் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல உப்பே. உங்கள் அம்மாவுக்கு ஆகாது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

காய்களை முழுக்க நிறுத்தியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நார்ச்சத்து இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது. அந்த வழியும் அடைபட்டால் ரத்தத்தில்தான் தங்கும். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் தாளியுங்கள். 'சத்தெல்லாம் போய்விடுமே' என்று அம்மா சொல்வார். பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அதை ரசத்துக்கோ சாம்பாருக்கோ எடுத்து வைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு எப்போதாவது ஆசைக்கு என்றால் அதையும் இப்படித்தான் செய்ய வேண்டும். பச்சையாக ஊறவைப்பது மட்டும் போதாது.

பழத்தில் பாதி ஆப்பிள் அல்லது ஒரு துண்டு அன்னாசி போதும். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ், கீரை சூப் வேண்டாம். ரசத்துக்குத் தக்காளியைக் குறைத்து மிளகு, சீரகத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம் மருந்து. டெல்மிசார்டன் பொட்டாசியத்தைக் கூட்டும். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதும் அதே மாத்திரைதான். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றுவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஏதாவது இருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் பொட்டாசியம் ஏறும்.

இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ரத்தத்தை மறுபடி சோதியுங்கள். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. அதற்குள் கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, படபடப்பு வந்தாலோ, அளவு 6-ஐத் தாண்டினாலோ உடனே ஈசிஜி எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நடு ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.