போதை மீட்புச் சிகிச்சையில் சிறுநீர்ப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி: ஹெராயினை விட்டுவிட்ட என் தம்பி இப்போது புப்ரெனார்ஃபின் (ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரை எடுத்து வருகிறான். சிறுநீர்ப் பரிசோதனையில் ‘ஓபியேட் (அபின் வகைப் பொருள்) இல்லை’ என்று வந்திருக்கிறது. மாத்திரையை அவன் எடுக்கவில்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். வழக்கமான ஓபியேட் பட்டை (சிறுநீரைச் சோதிக்கும் சிறு அட்டை) மார்ஃபின், கோடீன் ஆகியவற்றையும், உடலுக்குள் மார்ஃபினாக மாறிவிடுவதால் ஹெராயினையும் காட்டும். புப்ரெனார்ஃபின், மெத்தடோன் (இதுவும் போதை மீட்பு மருந்தே), ஃபென்டனில் (வீரியமிக்க வலிநிவாரணி) ஆகியவை அதில் சிக்குவதில்லை, அவற்றுக்குத் தனித்தனிப் பட்டைகள் வேண்டும். டிரமடால், டேபென்டடால் என்னும் வலிநிவாரணி மாத்திரைகளும் இதில் தப்பிவிடும். தம்பி மருந்தை எடுக்கிறாரா என்பதை உறுதி செய்ய, புப்ரெனார்ஃபினோடு, அது கல்லீரலில் சிதைந்து உண்டாகும் நார்புப்ரெனார்ஃபினையும் ஆய்வகத்தில் அளக்க வேண்டும். மாத்திரையை எடுக்காமல் சிறுநீர்க் குப்பியில் கரைத்துக் கொடுத்தால் முதலாவது மிக அதிகமாகவும் இரண்டாவது அநேகமாக இல்லாமலும் இருக்கும்.

கேள்வி: மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் என் கணவர் காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறார். ஓபியேட் பாசிட்டிவ் வந்துள்ளது. எதையும் தொடவில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பி விசாரியுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சில பட்டைகளில் தவறான பாசிட்டிவ் காட்டக்கூடும். குருமாவில் அரைத்துவிடும் கசகசாவில் உண்மையான மார்ஃபினே சிறிதளவு இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் பணியிடப் பரிசோதனைக்கான வரம்பை 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். அதே மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்னும் துல்லியமான ஆய்வக முறையில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். இதைவிட அவசரமானது ஒன்று உண்டு: ரிஃபாம்பிசின் மெத்தடோனை உடலில் வேகமாகச் சிதைத்துவிடுவதால், அவருக்கு உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை இருந்தால் அளவை மாற்றவேண்டி வரலாம். இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு போதை மீட்பு மையத்தில் செவிலியர். மீண்டும் மீண்டும் பாசிட்டிவ் வருபவருக்கு மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. மருந்தை நிறுத்தினால் அவருடைய உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். அந்நிலையில் ஹெராயினைப் பழைய அளவிலேயே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்று உயிர் போகும். அமெரிக்கப் போதை மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பரிசோதனை தண்டிப்பதற்காக அல்ல, சிகிச்சையைச் செம்மைப்படுத்துவதற்காகவே என்கிறது. மருந்தின் அளவு போதவில்லையா, வீட்டில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: ஏமாற்றாமல் இருக்க, சிறுநீர் கழிக்கும்போது கூடவே நிற்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. கொடுத்த 4 நிமிடங்களுக்குள் மாதிரியின் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்; தண்ணீர் கலந்த ஐயம் இருந்தால் சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினினை அளக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பதே பெரும் வேதனை. அவர்களிடம் உமிழ்நீர் மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள்.